யாரோ ஒருத்தியின் பிள்ளை

என் இரண்டு கைகளிலும் இரண்டு குவளைகள். இரண்டிலும் ரோஸ் சிரப் கலந்த பால், மேலே ஐஸ். ஒன்று எனக்கு, ஒன்று பாப்பாவுக்கு. தைப்பூச நாள். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலின் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஐஸ் கரைந்து குவளை வியர்த்து, முழங்கை வரை தண்ணீர் வழிந்தது. துடைக்க இன்னொரு கை இல்லை.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்த அறிவிப்பை முதல் முறை கேட்டேன்.

"ஒரு பையன் கிடைச்சிருக்கான். அஞ்சாறு வயசு இருக்கும். மொட்ட போட்டிருக்கு, மஞ்சள் ஜிப்பா. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குது. அம்மா அப்பா யாரா இருந்தாலும் கீழ இருக்கிற பச்சைப் பந்தலுக்கு வாங்க."

பாவம், எந்தத் தாயோ என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, என் குவளையிலிருந்து ஒரு வாய் குடித்தேன்.

அந்த ஒரு வாய்ப் பாலின் இனிப்பு இன்றும் தொண்டையில் நிற்கிறது. வீட்டில் ரோஸ் சிரப் வாங்குவதை நிறுத்திவிட்டேன். கணவர் காரணம் கேட்கவில்லை.

ஒரு வேண்டுதல்

பாப்பா என்பது வீட்டுப் பெயர். பள்ளிப் பெயர் மித்ரா. அப்போது அவளுக்கு ஆறு வயது.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் ஏதோ ஓர் எண்ணிக்கை தினமும் இறங்குகிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். குழந்தைகள் வார்டில் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி, பிள்ளை எழுந்தால் தைப்பூசத்தில் முடியிறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவளுக்கு இடுப்பு வரை முடி. கொடுப்பதற்கு எங்களிடம் அதைவிட அழகானது வேறு எதுவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பிள்ளை எழுந்தாள். வேண்டுதலைச் சொன்னதும் ஒரு வியாபாரியைப் போலக் கேட்டாள்.

"திரும்ப வளருமா?"

"வளரும்."

"கேரண்டியா?"

"கேரண்டி."

"தர்ஷனுக்கும் மொட்டையா? அப்ப சரி."

தர்ஷன் அவளுடைய அத்தை மகன், இரண்டு வயது மூத்தவன். அவன் செய்வதெல்லாம் அவளுக்கும் வேண்டும்.

அன்று காலை பட்டர்வொர்த்தில் எங்கள் வீடிருக்கும் பாகான் டாலாமிலிருந்து புறப்பட்டு, ஃபெர்ரியில் அக்கரை சேர்ந்து, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். முடியிறக்கும் இடம் நெருங்கியதும் என் கண்கள் கலங்கிவிட்டன. ஆறு வருடம் எண்ணெய் வைத்துச் சீவிய முடி.

"நீ இங்கயே நில்லு. அழுது அதையும் அழ வெச்சிடுவ," என்றார் என் கணவர் குணா. "நாங்க போய்ட்டு வந்துடறோம்."

அதனால்தான் அந்தப் பந்தலில் நின்றேன். என் மகள் மொட்டைத் தலையோடு எப்படி இருப்பாள் என்று நான் பார்க்கவில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

"உன்கிட்டதானே அனுப்பினேன்?"

முதலில் வந்தவர் குணாவின் அக்கா, வசந்தா அண்ணி. ஒரு கையில் தர்ஷன், சந்தனம் பூசிய தலையோடு. மறு கையில் எங்கள் துணிப்பை.

"இந்தா, பையப் பிடி. பாப்பா குளிச்சி முடிச்சிட்டா. அப்பாகூட பின்னாலயே வருது."

"அழுதுச்சா அண்ணி?"

"அழுகையா? முடி வெட்டுறவருக்கே ஆர்டர் போடுது. 'அங்கிள், காது பக்கம் மெதுவா லா'ன்னு!"

சிரித்தபடி பையை என் தோளில் மாட்டிவிட்டு ஓடினார். குணாவின் தம்பி காவடி எடுத்திருந்தார். உறுமி மேளம் கிளம்பிவிட்டது. மேளம் கிளம்பினால் எங்கள் வீட்டில் யாருக்கும் பேச்சை முடிக்கத் தோன்றாது.

பால் வாங்கினேன். நின்றேன். ஐஸ் கரைந்தது. அந்த அறிவிப்பைக் கேட்டேன். பாவப்பட்டேன். இன்னும் நின்றேன்.

பாப்பாவின் குவளையில் ஐஸே இல்லாமல் போனபோது கைப்பேசியை எடுத்தேன். அத்தனை கூட்டத்தில் அழைப்பு எளிதில் போகவில்லை. பலமுறை முயன்ற பிறகு குணாவின் குரல், உறுமிச் சத்தத்துக்கு நடுவே, துண்டு துண்டாக வந்தது.

"என்னா? கேக்கல! படி ஏறிக்கிட்டிருக்கோம்!"

"பாப்பாவும் ஏறுதா? அதுக்குக் கால் வலிக்கப் போவுது. பசிக்குதுன்னு சொல்லலையா?"

மேளம் மட்டும் கேட்டது. பிறகு வேறொரு குரல் வந்தது. பன்னிரண்டு வருட மண வாழ்க்கையில் அவரிடம் நான் கேட்டிராத குரல்.

"பாப்பா உன்கிட்டதானே இருக்கு? உன்கிட்டதானே அனுப்பினேன்?"

தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு நெடுநேரம் கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான், பின்னால் தெரிந்துகொண்டேன். குணா அவளைச் சாலையின் எதிர்ப்பக்கம் வரை கூட்டிவந்தார். என்னைப் பார்த்தார். "அதோ அம்மா, ரெண்டு கையிலயும் கப்பு வெச்சிருக்காங்க பாரு, ஓடு," என்று கையை விட்டார். அவள் ஓடினாள். அந்த நொடி ஒரு காவடிக் குழு சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் மஞ்சள். மஞ்சளுக்குள் ஒரு மஞ்சள் புகுந்து என் பக்கம் போனதைப் பார்த்தார், திருப்தியாகத் திரும்பி, தம்பியின் காவடியைத் தேடிப் போனார்.

நடுவில் இருந்தது ஒரு சாலையின் அகலம். அந்த அகலத்தில் பிள்ளை யாருடைய பிள்ளையாகவும் இல்லை.

எங்கள் வீட்டு ஃபெர்ரிக் கதை

இந்தப் பத்திரிகைத் தொடரில் சில வாரங்களுக்கு முன்பு ஃபெர்ரியைப் பற்றி எழுதியபோது ஒரு கதையை விட்டுவிட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் என்னை ஃபெர்ரியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். அப்பா நான் அம்மாவின் பின்னால் வருகிறேன் என்று நினைத்தார். அம்மா நான் அப்பாவின் தோளில் இருக்கிறேன் என்று நினைத்தார். நான் மேல்தளத்துக் கம்பியில் சாய்ந்து மீன் பார்த்துக்கொண்டே பட்டர்வொர்த்துக்குத் திரும்பிப் போய்விட்டேன். ஃபெர்ரி ஊழியர் ஒருவர் கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்து, அடுத்த பயணத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

கல்யாண வீடுகளில் மாமாக்கள் இந்தக் கதையைத் தொடங்கினால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "பிள்ளைக்கு அப்பவே ஓசிப் பயணம்!" என்பார் பெரிய மாமா. நானும் சிரிப்பேன்.

அம்மா மட்டும் அந்த நேரம் எழுந்து குவளைகளைப் பொறுக்கத் தொடங்குவார். காலியாகாத குவளையைக்கூட எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். எனக்கு நாற்பது வயது தாண்டும்வரை அது ஏன் என்று புரியவில்லை.

நான் தேடியது யாரை

அழைப்பு அறுந்ததும் கத்தினேன். பந்தலில் பாட்டுச் சத்தம். பக்கத்துப் பந்தலில் வேறு பாட்டு. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பந்தலில் இருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் நல்ல மனம். எல்லோரிடமும் ஒரு யோசனை.

"போலீசுக்கு இப்பப் போயி பிரயோசனமில்லம்மா. இருபத்து நாலு மணி நேரம் ஆனாத்தான் கேஸு எடுப்பாங்க," என்றார் ஒருவர். அதை நம்பினேன். படித்தவள்தான் நான், ஆனாலும் நம்பினேன். எங்கோ கேட்டது போலவே இருந்தது.

"அங்க ஒருத்தருக்குச் சாமி வந்திருக்கு, போய்க் கேளு," என்றார் இன்னொருவர். போனேன். அவர் கண்ணை மூடியபடி என் நெற்றியில் திருநீறு வைத்து, "மலைப் பக்கம் இருக்கு," என்றார். மலைப் பக்கம் ஓடினேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் ஒரு தூண் ஏதாவது திசையைக் காட்டியிருந்தாலும் ஓடியிருப்பேன்.

ஓடிக்கொண்டே படம் அனுப்பினேன். குடும்பக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் குழு, அலுவலகத் தமிழர் குழு. தீபாவளிக்கு எடுத்த படம். இரண்டு பின்னல், இரண்டிலும் சிவப்பு ரிப்பன், முன்பற்கள் தெரியச் சிரிப்பு. கீழே எழுதினேன்: "மித்ரா, ஆறு வயது, மஞ்சள் பாவாடை சட்டை. கண்டால் உடனே அழைக்கவும்."

பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். வந்து இறங்கும் பாகங்களை வரைபடத்தோடு ஒப்பிடுவது என் வேலை. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம்: கையிலிருக்கும் வரைபடம் கடைசியாகத் திருத்தியதுதானா என்று பார், பிறகு பாகத்தைத் தொடு. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடினால் சரியான பாகத்தையும் தப்பு என்று தள்ளிவிடுவாய். இதை அலுப்பில்லாமல் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறேன்.

அன்று என் கையில் இருந்தது தீபாவளி வரைபடம்.

அவளுக்கு முடியிறக்கியாயிற்று என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கண் பார்க்காததை மனம் தேட மறுத்தது. கூட்டத்தில் இரட்டைப் பின்னல் தெரிந்த இடமெல்லாம் ஓடினேன். யார் யாருடைய மகள்களின் தோளையோ பிடித்துத் திருப்பினேன். வழியெங்கும் சந்தனம் பூசிய சின்ன மொட்டைத் தலைகள் கடந்து போயின. ஒன்றைக்கூட நின்று பார்க்கவில்லை.

இதற்கிடையே அதே அறிவிப்பு மறுபடியும் வந்தது. பையன். மொட்டை. மஞ்சள் ஜிப்பா. பேர் சொல்ல மாட்டேங்குது.

இந்த முறை எனக்குப் பாவமாக இல்லை. கோபம் வந்தது. பிள்ளை அத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறது, காதில் விழவில்லையா? எப்படிப்பட்ட அம்மா இவள்? உன் பிள்ளை கிடைத்துவிட்டது, உனக்கு வந்து கூட்டிப்போகத் தெரியவில்லை. எனக்குக் கிடைக்கவில்லையே!

இதை வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் நடந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

பைக்குள் ஈரம்

போலீஸ் கூடாரத்தில் போய் விழுந்தது யோசித்து எடுத்த முடிவு இல்லை. ஓடும் வழியில் அது இருந்தது.

ஓர் இளம் போலீஸ்காரப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். மலாயில் கேட்டார். நான் பாதி மலாய், பாதி அழுகை.

"இருபத்து நாலு மணி நேரம் ஆகவில்லை, இருந்தாலும்..." என்று தொடங்கினேன்.

"சியாப்பா சாக்காப்?" என்றார். யார் சொன்னது என்று. "பிள்ளையைக் காணவில்லை என்றால் அந்த நிமிடமே வர வேண்டும். காத்திருக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சரி, என்ன உடை?"

"மஞ்சள் பாவாடை. மஞ்சள் சட்டை."

எழுதிக்கொண்டார். அடையாள அட்டையைக் கேட்டார். தோளில் மாட்டியிருந்த துணிப்பையை அப்போதுதான் முதல்முறையாகத் திறந்தேன். கையை உள்ளே விட்டேன்.

விரலில் பட்டது ஈரத் துணி.

வெளியே இழுத்தேன். மஞ்சள் பாவாடை. நான் காலையில் மடித்து வைத்த புதுப் பாவாடை, சேறு படிந்து, பிழிந்து சுருட்டிய ஈரத்தோடு. அதில் சந்தன வாசனை. மடிப்பில் ஒட்டியிருந்தது ஒரு நீளமான தலைமுடி.

மேசைமேல் அதை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் ஊரெல்லாம் சொல்லித் தேடிய பாவாடை என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. என் மகள் இதைப் போட்டிருக்கவில்லை. அப்படியானால் எதைப் போட்டிருக்கிறாள்?

தர்ஷன். தர்ஷனுக்கு மாற்றுத் துணி கொண்டுவந்திருந்தார் அண்ணி. காலையில் ஃபெர்ரியில் காட்டினார். "ரெண்டு ஜிப்பா எடுத்தேன், அழுக்காக்கிடுவான்." பாவாடை சேற்றில் விழுந்து நனைந்திருக்கும், அவற்றில் ஒன்றை இவளுக்கு மாட்டிவிட்டிருப்பார்.

மஞ்சள் ஜிப்பா.

அறிவிப்பு மூன்றாம் முறை வந்ததா, அல்லது என் தலைக்குள் அது ஓடிக்கொண்டிருந்ததா, சொல்லத் தெரியவில்லை. எழுந்து ஓடினேன். போலீஸ்காரப் பெண் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். பையன் ஒருவன் கிடைத்த செய்தி அவர்கள் மேசைக்கும் வந்திருந்ததாம். பெண் பிள்ளையைத் தேடி அழுபவளிடம் பையனைப் பற்றி யார் பேசுவார்கள்?

பச்சைப் பந்தல்

பந்தலின் உட்புறத்தில், ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மூன்று நான்கு குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் மொட்டை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. முதல் பார்வையில் அவளைத் தாண்டிவிட்டேன். ஒரு மெலிந்த பையன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்து, அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டேன். காதுகள் இவ்வளவு பெரியவை என்று எனக்குத் தெரியாது. முடி மறைத்திருந்தது.

"அம்மா," என்றது அந்தப் பையன்.

கீழே உட்கார்ந்துவிட்டேன். அவள் தலையை மாரோடு சேர்த்துப் பிடித்தேன். உள்ளங்கையில் சொரசொரப்பும் காய்ந்த சந்தனமும். அவள் அழவில்லை. அவளுக்குச் சொல்ல அவசரமான செய்தி இருந்தது.

"அம்மா, நான் பேரே சொல்லல! எத்தனை வாட்டி கேட்டாங்க தெரியுமா? சாக்லேட்டுகூடக் குடுத்தாங்க. வாங்கல."

பந்தலில் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த மல்லிகா அக்காதான் அவளைக் கூட்டத்திலிருந்து தூக்கி வந்தவர். இடுப்பில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"என்னா பிள்ளம்மா இது? போன் நம்பர் தெரியுமா தம்பின்னு கேட்டேன். 'தெரியும், சொல்ல மாட்டேன்'ங்குது!"

"நான் தம்பி இல்ல," என்றாள் பாப்பா, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே. "அவங்க தம்பி தம்பின்னு கூப்டாங்க. அதான் நான் திரும்பவே இல்ல."

"ஐயோ சாமி, பொம்பளப் பிள்ளையா!" மல்லிகா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊரு பூரா பையன்னு மைக்குல சொல்லிட்டேனே லா!"

தெரியாதவர்கள் யார் கேட்டாலும் பெயர், எண், வீடு எதையும் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். இரவுதோறும் பரீட்சை வைத்து, சொல்லாமல் இருந்தால் முத்தம் கொடுத்தவள் நான். யாரிடம் சொல்லலாம் என்று சொல்லிக்கொடுக்க மட்டும் தோன்றவே இல்லை.

குணா வந்து சேர்ந்தபோது மூச்சிரைத்தது, காலில் செருப்பு இல்லை. பாப்பாவின் ஒரு கையை அவர் பிடித்துக்கொண்டார், மறு கையை நான். வீடு போய்ச் சேரும்வரை, ஃபெர்ரியில் உட்கார்ந்தபோதுகூட, இருவரும் விடவில்லை. "மூக்கு அரிக்குது, ஒரு கைய விடுங்க," என்று அவள்தான் கெஞ்சினாள்.

இப்போது நாங்கள் செய்வது

அலுவலகத்தில், கோயிலில், இளம் தாய்மார்கள் கேட்கிறார்கள்: அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்ய வேண்டும் அக்கா?

நான் நிபுணர் இல்லை. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு நாள்தான். கடைசியாகப் பிள்ளை எந்த இடத்தை நோக்கி வந்ததோ, அந்த இடத்தில் ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். மற்றவர் தேடலாம். நான் பந்தலை விட்டு ஓடியிருக்கக் கூடாது. அவள் திரும்பி வந்திருந்தால் அங்கே ஒரு குவளைதான் இருந்திருக்கும். போலீசிடம் உடனே போங்கள், மணிக் கணக்கைப் பார்க்காதீர்கள். கிடைத்த பிள்ளை என்று எந்த அறிவிப்பு வந்தாலும், அது உங்கள் பிள்ளை இல்லை என்று தோன்றினாலும், போய்ப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளையை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும்போது எங்கள் வீட்டில் இப்போது வாய்விட்டுச் சொல்கிறோம். "இப்ப உங்ககிட்ட." "ஆமா, என்கிட்ட." பதில் வரும்வரை கையை விடுவதில்லை. உறவினர்கள் கேலி செய்கிறார்கள். "என்னா குணா, பிள்ளையா பார்சலா?" செய்யட்டும்.

பாப்பாவுக்கும் புதுப் பாடம். வழி தவறினால் சீருடை போட்டவரிடமோ, குழந்தையோடு நிற்கும் ஓர் அம்மாவிடமோ பெயரைச் சொல்லலாம், எண்ணைச் சொல்லலாம். "பச்சைப் பந்தல் ஆன்ட்டிகிட்ட?" என்று கேட்டாள். "அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லலாம்," என்றேன்.

நான் அனுப்பிய படம் மட்டும் இன்னும் வீடு திரும்பவில்லை. கிடைத்துவிட்டாள் என்று அன்றே எல்லாக் குழுக்களிலும் எழுதினேன். அந்தச் செய்தி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை போலும். போன மாதம் ஜொகூரிலிருந்து ஒரு சித்தி அழைத்தார். "உன் பொண்ண இன்னும் தேடுறாங்களாமே, எனக்கு ஏன் சொல்லல?" இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், முன்பற்கள் தெரியும் சிரிப்பு. அந்தப் பிள்ளை எங்கோ தொலைந்துகொண்டேதான் இருக்கிறாள். அந்தப் படம் வரும்போதெல்லாம் எழுந்து போய் பாப்பாவின் அறைக் கதவைத் திறந்து பார்க்கிறேன்.

முடி இப்போது தோளைத் தாண்டிவிட்டது. கேரண்டி பொய்க்கவில்லை. வெளியே கிளம்பும் ஒவ்வொரு முறையும், வாசலில் செருப்பு மாட்டும்போது, அவளை நிறுத்தி ஒரு படம் எடுக்கிறேன். அன்றைய உடை, அன்றைய தலை, அன்றைய செருப்பு.

அன்று தொலைந்தது யார் என்பதில் அவளுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கேட்பவர்களிடம் அவள் சொல்வது இதுதான்: "அம்மா காணாம போயிட்டாங்க. நான் பந்தல்லதான் இருந்தேன்."

போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கிளம்பினோம். வழக்கம்போல் படம் எடுத்தேன். கைப்பேசியைப் பைக்குள் போடப் போனேன். அவள் கையை நீட்டினாள்.

"இப்ப நீங்க நில்லுங்க."

"எதுக்குடா?"

"நீங்க மறுபடியும் காணாம போனா, போலீஸ் அக்காகிட்ட நான் எதைக் காட்டுறது?"

நின்றேன். கதவோடு சேர்ந்து, கைகளைத் தொங்கவிட்டு, அசையாமல். அவள் ஒரு கண்ணை மூடி, நெடுநேரம் பார்த்து, பொத்தானை அழுத்தினாள்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இப்ப என்கிட்ட."

அவள் கையை விடவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமா," என்றேன். "உன்கிட்ட."